நஞ்சை அளக்கும் அளவுகோல்

இரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி கொண்டுவரும் பாலை எடை போடுவதோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. அப்பாலில் உலர் இரப்பர் எவ்வளவு அடங்கியுள்ளது என்பதையும் காண வேண்டும். இதற்கெனப் பயன்பட்டுவந்த கருவிகளுள் ஒன்று மெட்ரோலாக் என்னும் மிதவை. பாலில் குறிப்பிட்ட அளவு நீர் கலந்து, மிதவையை அதில் இறக்கி, அது எந்தக் கோடு வரையில் அமிழ்கிறது என்று பார்ப்பர். ஒரு தோட்டத்தில் ஒரு பங்கு பாலுக்கு இரண்டு பங்கு நீரும், அடுத்த தோட்டத்தில் ஒரு பங்கு நீரும் கலந்து அளந்தால், அவ்விரு தோட்டங்களின் எண்களை ஒப்பிட முடியுமா? முடியாது. கருவி ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. அளக்கும் முறையும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

இவ்வுண்மையை நம் நாட்டு இரப்பர்த் தொழில் உலகிற்கே எடுத்துக்காட்டியது. முன்னாளில் புகையிட்ட இரப்பர்த் தாள்களின் தரத்தைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்தனர். 1965-ஆம் ஆண்டில் 'மலேசிய இரப்பர்த் தரத் திட்டம்' நடைமுறைக்கு வந்தபோது, ஆய்வுக்கூடச் சோதனை அவ்விடத்தைப் பிடித்தது. 'எஸ்.எம்.ஆர். 5' என்று ஒரு பொதியில் அச்சிட்டிருந்தால், அதிலுள்ள அழுக்கு 0.05 விழுக்காட்டிற்கு மேற்படாது என்பது பொருள். கடல் கடந்து வாங்குபவரும் அதே முறையில் சோதித்து அதே முடிவைக் காணலாம்.

இரப்பரின் தரத்தை இவ்வாறு அளக்கலாம். தோட்டத்தில் நாள்தோறும் கையாளும் களைக்கொல்லி, பூச்சிமருந்து ஆகியவற்றின் நச்சுத்தன்மையை எவ்வாறு அளப்பது? மருந்துக் கலனின் மீது வகுப்பு எண்ணையும் நிறப்பட்டையையும் அச்சிடுகிறார்களே, அவற்றை முடிவு செய்பவர் யார்? எந்தச் சோதனையைக் கொண்டு முடிவு செய்கின்றனர்? இவற்றை அறிந்துகொள்வதே இப்பாடத்தின் நோக்கம்.

மணமும் நிறமும் சான்றாகுமா?

'மணம் கடுமையாக இருந்தால் மருந்தும் கடுமையானது. மணமில்லாவிட்டால் பயமில்லை' என்று எண்ணுவோர் இன்றும் உளர். இது மிகவும் ஆபத்தான எண்ணமாகும். நம் தோட்டங்களில் பல்லாண்டு காலம் புழங்கிய பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை எடுத்துக்கொள்வோம். அதற்கு இயல்பில் மணமில்லை. எவரும் அதனைத் தவறுதலாகக் குடித்துவிடலாகாது என்பதற்காகவே துர்நாற்றம் தரும் பொருளையும், நீலச் சாயத்தையும், வாந்தியை உண்டாக்கும் பொருளையும் உற்பத்தியாளர்கள் பின்னர் அதில் சேர்த்தனர். ஆகவே மூக்கும் கண்ணும் நஞ்சை அளக்கும் கருவிகளாகா.

எண் சிறிதானால் நஞ்சு பெரிது

நஞ்சை எண்ணால் அளக்கும் முறையை 1927-ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜே. டபிள்யூ. டிரெவன் என்னும் அறிஞர் வகுத்தளித்தார். ஒரு தொகுதி ஆய்வு விலங்குகளுள் சரிபாதியைக் கொல்லக்கூடிய அளவு எதுவோ, அதுவே அப்பொருளின் நச்சளவு. இதனை ஆங்கில எழுத்துகளைக் கொண்டு 'எல்.டி. 50' என்று குறிப்பர். விலங்கின் உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு இத்தனை மில்லிகிராம் என்று அதனைக் கணக்கிடுவர்.

இங்கு மாணவர் பலர் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. ஒரு மருந்தின் எண் 40 என்றும், மற்றொன்றின் எண் 4,000 என்றும் வைத்துக்கொள்வோம். இவற்றுள் கொடியது எது? 4,000 என்று விடையளிப்பது தவறு. கிலோவுக்கு 40 மில்லிகிராமே போதும் என்றால், சிறிதளவே உயிரைப் போக்கிவிடும் என்பதன்றோ பொருள்? எனவே, எண் சிறிதானால் நஞ்சு பெரிது. இவ்வொரு வரியை மறவாமல் மனத்தில் கொள்ளுதல் வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனம் 1975-ஆம் ஆண்டு முதல் இவ்வெண்ணை அடிப்படையாகக் கொண்டு பூச்சிமருந்துகளை வகைப்படுத்தி வருகின்றது. இன்றைய வகைப்பாட்டின்படி, வாய்வழி உட்செல்லும்போது எண் 5-க்கும் குறைவாக இருப்பின் அது 'ஒன்று-அ' வகுப்பு. 5 முதல் 50 வரை 'ஒன்று-ஆ' வகுப்பு. 50-க்கு மேல் 2,000 வரை இரண்டாம் வகுப்பு. அதற்கும் மேற்பட்டவை மூன்றாம் வகுப்பும் அதற்குக் கீழும் ஆகும். நம் நாட்டில் 1974-ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டத்தின் கீழ் பதிவு பெறும் மருந்துகளின் சீட்டிலும் வகுப்பும் நிறப்பட்டையும் காட்டப்படுகின்றன. சிவப்புப் பட்டை கொடுமை மிக்கது. மஞ்சள் அதற்கு அடுத்தது. நீலம் அதனினும் குறைந்தது. 'குறைந்தது' என்பதற்கு 'இல்லை' என்று பொருள் கொள்ளலாகாது.

ஒரே முறை, ஒரே விடை

ஒரே மருந்தைப் பசித்திருக்கும் எலிக்குக் கொடுத்தால் ஒரு விடையும், வயிறு நிறைந்த எலிக்குக் கொடுத்தால் வேறொரு விடையும் வரலாம். அறையின் வெப்பம், எலியின் வயது, பால், மருந்தைக் கரைக்கும் திரவம் ஆகிய யாவும் முடிவை மாற்றக்கூடும். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு வசதியான முறையில் சோதித்தால், ஒவ்வொன்றும் தனக்கு வசதியான எண்ணைப் பெற்றுவிடும்.

எனவேதான் பொருளாதார ஒத்துழைப்பு மேம்பாட்டு அமைப்பு 1981-ஆம் ஆண்டில் சோதனை முறைகளை வகுத்து, ஒவ்வொன்றிற்கும் ஓர் எண் தந்து வெளியிட்டது. வாய்வழி நச்சுச் சோதனைக்குரிய முறைகளுள் ஒன்றான 423-ஆம் முறை கூறுவதைக் காண்போம். ஆய்வு அறையின் வெப்பம் ஏறத்தாழ 22 டிகிரி செல்சியஸ் அளவில் இருத்தல் வேண்டும். 12 மணி நேரம் ஒளி, 12 மணி நேரம் இருள். எலிகள் முந்திய இரவு உணவின்றி இருத்தல் வேண்டும். ஒரு படிக்கு மூன்று எலிகள். தொடக்க அளவு கிலோவுக்கு 5, 50, 300, 2,000 மில்லிகிராம் ஆகிய நான்கனுள் ஒன்றாக இருத்தல் வேண்டும். மருந்து கொடுத்த பின்னர் 14 நாள்கள் கவனித்து, கண்டவற்றையெல்லாம் எழுதி வைத்தல் வேண்டும். 14 நாள்கள் எதற்கு? சில நஞ்சுகள் முதல் நாளில் ஏதும் செய்யாதிருந்து, பின்னரே தம் வேலையைக் காட்டும் என்பதற்காக.

தொடக்கத்தில் கையாளப்பட்ட 401-ஆம் முறைக்கு மிகுதியான விலங்குகள் தேவைப்பட்டன. குறைந்த விலங்குகளைக் கொண்டே போதிய விடை காணும் 420, 423, 425 ஆகிய முறைகள் வந்தபின், 2002-ஆம் ஆண்டில் பழைய முறை நீக்கப்பட்டது.

தெளிப்பவருக்கு வாய்வழிச் சோதனையைவிட நெருக்கமானது 402-ஆம் முறையாகும். இது தோல்வழி நச்சைச் சோதிப்பது. மருந்தைத் தோலின் மீது தடவி, 24 மணி நேரம் அதன்மேல் இருக்கச் செய்து, விளைவைக் காண்பர். முதுகுப் பம்பைச் சுமந்து மருந்தடிப்பவரின் உடலுக்குள் மருந்து புகும் தலையாய வழி தோலே ஆகும். நனைந்த சட்டையுடன் மாலை வரை வேலை செய்வதும், மருந்து பட்ட கையுறைக்குள் வெறுங்கையை நுழைப்பதும் இச்சோதனையை நம் உடலின் மீதே நாம் நடத்திக்கொள்வதற்கு ஒப்பாகும்.

இரப்பர் ஆலையில் பாலை உறையச் செய்யும் பார்மிக் அமிலம் போன்றவற்றிற்குத் தோலை அரிக்கும் தன்மை பற்றிய சோதனை முறைகள் தனியே உள்ளன. இன்று ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் மனிதத் தோல் திசுவின் மீதே இத்தகைய சோதனைகளுள் சிலவற்றைச் செய்து முடிக்கின்றனர்.

ஏட்டில் எழுதியதும் ஆய்வில் நிகழ்ந்ததும்

முறையை வகுத்துவிட்டால் போதுமா? அதனை நேர்மையாகப் பின்பற்றியவர் யார் என்பதையும் காண வேண்டுமன்றோ? இதற்கு அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றைச் சான்றாகக் கூறலாம். 'இண்டஸ்டிரியல் பயோ-டெஸ்ட்' என்னும் பெரிய ஆய்வுக்கூடம் பூச்சிமருந்து, மருந்துப்பொருள் நிறுவனங்கள் பலவற்றிற்காக நச்சுச் சோதனைகளை நடத்திக் கொடுத்தது. 1976-ஆம் ஆண்டில் அரசாங்க அதிகாரிகள் அதன் ஏடுகளை ஆராய்ந்தபோது, பல முடிவுகள் நம்பத்தகாதவை என்பது புலப்பட்டது. 1983-ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் முன்னாள் அதிகாரிகள் மூவர் மோசடிக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது.

எண்ணிப் பாருங்கள். அங்கே ஏட்டில் ஒரு பொய் எழுதப்பட்டால், பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் அவ்வேட்டை நம்பி மருந்தடிப்பவரின் உடல் அதற்கு விலை கொடுக்கிறது. இக்காரணத்தால் 'நல்ல ஆய்வுக்கூட நடைமுறை' என்னும் விதிகள் தோன்றின. யார் எடை போட்டார், எந்தத் தராசில், எந்த நாளில், எவர் கையொப்பமிட்டார் என்பன யாவும் பதிவாக வேண்டும். மூல ஏடுகளைப் பாதுகாக்க வேண்டும். வெளியாள் எந்நேரமும் வந்து சரிபார்க்கலாம். இவ்வாறு நடந்த சோதனையை ஒரு நாடு ஏற்றால், உடன்பாட்டிலுள்ள பிற நாடுகளும் ஏற்கும். மலேசியா 2013-ஆம் ஆண்டில் இவ்வுடன்பாட்டின் முழு உறுப்பு நாடாயிற்று.

ஒரு சிறு கணக்கு

மருந்துக் கலனில் உள்ளது முழுவதும் நஞ்சு அன்று. வீரியப்பொருள் ஒரு பகுதி; எஞ்சியது நீரும் பிறவும். கலவையின் நச்சளவைச் சோதித்துக் காண்பதே சிறந்தது. அவ்வாறு காண இயலாவிடில், உலகச் சுகாதார நிறுவனம் ஒரு கணக்கு முறையைக் காட்டியுள்ளது. வீரியப்பொருளின் எண்ணை 100-ஆல் பெருக்கி, கலவையில் அது எத்தனை விழுக்காடு உள்ளதோ அவ்வெண்ணால் வகுக்க வேண்டும்.

பாராகுவாட்டின் எண் ஏறத்தாழ 150. அது 20 விழுக்காடு கலந்த மருந்திற்கு, 150-ஐ 100-ஆல் பெருக்கினால் 15,000. அதனை 20-ஆல் வகுத்தால் 750. 50-க்கும் 2,000-க்கும் இடைப்பட்டதாதலின் இரண்டாம் வகுப்பு, அதாவது 'நடுத்தர ஆபத்து' என்று கணக்கு சொல்கிறது.

இக்கணக்கிலிருந்து வேறொரு பாடமும் கிடைக்கிறது. பம்பில் நீர் கலந்த மருந்தைவிட, கலனிலுள்ள மூலமருந்தே பன்மடங்கு கொடியது. ஆதலின் ஒரு நாள் வேலையில் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டிய நேரம் மருந்து கலக்கும் நேரமே. வெறுங்கையால் அளப்பதும், குச்சிக்குப் பதிலாகக் கையால் கலக்குவதும் கூடவே கூடாதவை.

சோதனை கேளாத கேள்வி

மேற்கண்ட கணக்கில் பிழை ஏதுமில்லை. ஆயினும், 'நடுத்தர ஆபத்து' என்ற அந்தப் பாராகுவாட்டை ஒரு மிடறு விழுங்கியவர் கூட உயிர் பிழைக்காமற் போனதுண்டு. எலிக்குரிய எண்ணைக் கொண்டு எதிர்பார்ப்பதைவிடக் குறைந்த அளவே மனிதருக்குப் போதுமானதாயிற்று. நுரையீரலைச் சில நாள்களில், சில வாரங்களில் இறுகச் செய்யும் அதற்கு முறிமருந்து இல்லை. இந்நாட்டில் 2002-ஆம் ஆண்டில் அதனை விலக்க முடிவு செய்யப்பட்டது. 2006-ஆம் ஆண்டில் மீண்டும் அனுமதி கிடைத்தது. இறுதியில் 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து முற்றாகத் தடை செய்யப்பட்டது.

சோதனை பொய் சொல்லிற்றா? இல்லை. அது கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை சொல்லிற்று. 'ஒரே முறை கொடுத்தால், 14 நாள்களுக்குள், எத்தனை எலிகள் இறக்கும்?' என்பதே அக்கேள்வி. 'மனிதர் எலியினும் மென்மையானவரா?', 'முறிமருந்து உண்டா?', 'பத்தாண்டுகள் நாள்தோறும் சிறிது சிறிதாகப் பட்டால் என்னாகும்?', 'கருவுற்ற தாய்க்கு என்ன நேரும்?' என்பன அது கேளாத கேள்விகள். இவற்றுள் சிலவற்றிற்கு 28 நாள், 90 நாள் சோதனைகளும், தலைமுறைச் சோதனைகளும் தனியே உள்ளன. அவற்றின் முடிவுகள் நிறப்பட்டையில் தெரிவதில்லை. நம் தோட்டங்களில் மருந்தடிக்கும் பணியை நெடுங்காலமாகப் பெண்களே பெருமளவில் செய்து வந்திருப்பதால், இவ்வேறுபாட்டை அறிவது மிகவும் முக்கியமாகும். நீலப் பட்டையைக் கண்டதும் கையுறையைக் கழற்றி வைப்பது அறியாமை.

நம் இரத்தம் கூறும் சான்று

எலியைச் சோதிப்பது ஒருபுறம் இருக்க, வேலை செய்பவரையே காக்கும் சோதனையும் உண்டு. ஆர்கனோபாஸ்பேட் என்னும் பூச்சிமருந்து வகை, நரம்புகளின் இயக்கத்திற்கு இன்றியமையாத கோலினெஸ்டெரேஸ் என்னும் நொதியை முடக்குகிறது. வியர்வை, உமிழ்நீர்ப் பெருக்கு, பார்வை மங்கல், தசைத் தளர்ச்சி ஆகியவை அதன் அறிகுறிகள். ஆனால் அறிகுறி தோன்றுமுன்பே இரத்தத்தில் இந்நொதியின் ஆற்றல் குறைந்திருப்பதைக் காணலாம். 1961-ஆம் ஆண்டில் எல்மன் என்னும் அறிஞர் வெளியிட்ட முறையில், இரத்தத்துடன் குறிப்பிட்ட இரசாயனங்களைச் சேர்த்து, மஞ்சள் நிறம் எவ்வளவு விரைவாகத் தோன்றுகிறது என்பதைக் கொண்டு அதனை அளக்கின்றனர்.

இந்நொதியின் இயல்பான அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவருக்கு இயல்பானது மற்றொருவருக்குக் குறைவாக இருக்கலாம். ஆகவே ஒருவரின் அளவை அவருடைய பழைய அளவோடுதான் ஒப்பிட வேண்டும். மருந்து வேலையில் இறங்குவதற்கு முன்பே முதல் இரத்தச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும் என்பதன் காரணம் இதுவே. பின்னர் வரும் சோதனைகளையும் அதே முறையில், இயன்றவரை அதே ஆய்வுக்கூடத்தில் செய்வது நலம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில விதிகளின்படி, முதல் அளவில் 80 விழுக்காட்டிற்குக் கீழே இறங்கினால் வேலைமுறையை ஆராய வேண்டும். சிவப்பணுக்களின் நொதி 70 விழுக்காட்டிற்கு இறங்கிவிட்டால் அத்தொழிலாளியை அவ்வேலையிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். முதல் அளவே இல்லாதவருக்கு இக்கணக்கை எவ்வாறு போடுவது?

இரத்தம் எடுக்குமுன் கையை நன்கு கழுவுதல் வேண்டும். தோலில் ஒட்டியிருக்கும் மருந்து இரத்தத் துளியில் கலந்தால் சோதனை பொய்யாகிவிடும்.

சட்டம் தரும் உரிமை

1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் 2000-ஆம் ஆண்டில் வந்த விதிகள், உடல்நலத்திற்கு ஊறு செய்யும் இரசாயனங்களைப் பயன்படுத்தும் முதலாளி அவற்றின் ஆபத்தை மதிப்பிட்டு எழுத்தில் வைக்க வேண்டும் என்று கூறுகின்றன. மருத்துவக் கண்காணிப்புத் தேவைப்படும் இரசாயனங்களைக் கையாள்வோருக்கு 12 மாதங்களுக்கு மிகாத இடைவெளியில் பரிசோதனை நடத்தப்பட வேண்டும். 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆலையில் பயன்படும் அமிலம், அம்மோனியா போன்றவற்றுடன் 16 பகுதிகள் கொண்ட பாதுகாப்புத் தகவல் ஏடு வந்து சேர வேண்டும். பூச்சிமருந்துகளைப் பூச்சிமருந்துச் சட்டம் தனியே கவனிக்கிறது.

சோதனைக்காக ஆண்டுகள் பல செலவாகின்றன. உயிர்கள் பல பலியாகின்றன. அவ்வுழைப்பு முழுவதும் ஒரு சிறு சீட்டில் அடங்கிக் கலனின் மேல் ஒட்டப்பட்டு நம் கைக்கு வருகிறது. மருந்தைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வீட்டிற்குக் கொண்டு செல்லும் கணத்தில், அவ்வுழைப்பு முழுவதும் வீணாகிவிடுகிறது. சீட்டில்லாத புட்டியில் இருப்பது என்னவென்று தாகத்தோடு வரும் குழந்தைக்குத் தெரியாது. மருத்துவமனையில் காத்திருக்கும் மருத்துவருக்கும் தெரியாது.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. எண் சிறிதானால் நஞ்சு பெரிது.

2. வகுப்பும் நிறமும் ஒரு முறை பட்டால் நேரும் ஆபத்தைக் காட்டுவன. நாள்பட்ட தீங்கை அவை கூறா.

3. மூலமருந்தைக் கலக்கும் நேரமே மிகுந்த ஆபத்தான நேரம்.

4. மருந்து வேலையில் சேருமுன் முதல் இரத்தச் சோதனை செய்துகொள்ளுதல் வேண்டும்.

5. மருந்தை அதன் சொந்தக் கலனிலிருந்தும், சீட்டைக் கலனிலிருந்தும் பிரித்தல் ஆகாது. விபத்து நேரின் கலனையோ சீட்டையோ உடன் எடுத்துச் செல்க.

பயிற்சி

அ. ஒரு வீரியப்பொருளின் எண் 80. அது கலவையில் 40 விழுக்காடு உள்ளது. கலவையின் எண் என்ன? உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் அது எவ்வகுப்பைச் சேரும்?

ஆ. சோதனையில் எலிகளை 14 நாள்கள் கவனிப்பது ஏன்?

இ. உங்கள் தோட்டத்து மருந்துக் கிடங்கில் உள்ள கலன்களின் வகுப்பையும் நிறப்பட்டையையும் பொறுப்பாளரின் அனுமதியுடன் குறித்து வருக. சீட்டுக் கிழிந்தவை, அழிந்தவை எத்தனை என்பதையும் எண்ணி, நிர்வாகத்திற்குத் தெரிவிக்கவும்.

(அ-வின் விடை: 200, இரண்டாம் வகுப்பு.)